வேறே தேவர்கள் உண்டா? பைபிள் சொல்வது: கேள்வி பதில்

வசனங்கள் தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலில் உள்ளபடி. பொது மொழிபெயர்ப்பு வைத்திருப்பவர்கள் யாத்திராகமத்தை விடுதலைப் பயணம் என்றும், உபாகமத்தை இணைச்சட்டம் என்றும், நியாயாதிபதிகளை நீதித்தலைவர்கள் என்றும் தேடவும். அதிகார எண்ணும் வசன எண்ணும் அநேகமாக ஒன்றுதான்.

கேள்வி (மார்த்தாண்டம்): அண்ணா, “என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்” என்று பத்துக் கட்டளையில் இருக்கு. இல்லாத ஒன்றை ஏன் வேண்டாம்னு சொல்லணும்?

பதில்: அதில் “உனக்கு” என்ற சொல்லைப் பாருங்கள். உண்டா இல்லையா என்பதல்ல, நீ யாரைக் கும்பிடுவாய் என்பதே அங்கே பேச்சு. யாத்திராகமம் 15:11 “தேவர்களில் உமக்கு ஒப்பானவர் யார்?” என்று பாடுகிறது. 12:12-இல் எகிப்தின் தேவர்கள்மேல் தீர்ப்பு வருகிறது. பிற தெய்வங்கள் உண்டு என்று அக்காலத்தார் நினைத்ததை இவை மறுக்கவும் இல்லை, நிரூபிக்கவும் இல்லை. ஒருவரை மட்டும் வணங்குவது வேறு, ஒருவர்தான் இருக்கிறார் என்பது வேறு. ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள், எந்தப் பக்கமானாலும், இந்த இரண்டையும் குழப்புகிறார்கள்.

கேள்வி (குளச்சல்): எங்கள் வீட்டில் பொது மொழிபெயர்ப்புதான். திருப்பாடல் (சங்கீதம்) 82-இல் கடவுள் தெய்வங்களுக்கு நடுவில் தீர்ப்பு சொல்கிறார். அந்தத் தெய்வங்கள் யார்?

பதில்: சிக்கல் எபிரேயச் சொல்லில் இருக்கிறது. “ஏலோஹிம்” என்ற ஒரே சொல்தான் முதல் வசனத்தில் இரண்டு தடவை வருகிறது: ஒன்று ஒருமையாக, மற்றது பன்மையாக. ஒருமையா பன்மையா என்று வினைச்சொல்லையும் சூழலையும் வைத்துத்தான் சொல்ல முடியும். ஆதியாகமம் 1:1-இல் வினை ஒருமை, அதனால் “தேவன் சிருஷ்டித்தார்”. அந்தச் சொல் நம் “கடவுள்” போலக் குறுகியதும் அல்ல. 1 இராஜாக்கள் 11:33-இல் சீதோனியரின் அஸ்தரோத்துக்கும், 1 சாமுவேல் 28:13-இல் மண்ணுக்குள்ளிருந்து ஏறிவந்த சாமுவேலுக்கும், யாத்திராகமம் 7:1-இல் பார்வோன் முன் நிற்கும் மோசேக்கும் அதே சொல்தான். மறுவுலகைச் சேர்ந்தது, அல்லது அந்த அதிகாரம் பெற்றது என்று வைத்துக்கொண்டால் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

82-ஆம் சங்கீதத்துக்கு இரண்டு விளக்கம் உண்டு. அவர்கள் மனித நீதிபதிகள் என்பது ஒன்று. யாத்திராகமம் 21:6-இல் இதே சொல்லைப் பழைய திருப்புதல் “நியாயாதிபதிகள்” என்றே பெயர்த்திருக்கிறது. பரலோக சபையில் உள்ளவர்கள் என்பது மற்றது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. காரணம் 7-ஆம் வசனம்: “நீங்கள் மனுஷரைப்போலச் செத்து”. மனிதனிடம் போய் நீ மனிதனைப் போலச் சாவாய் என்றால் அதில் என்ன தண்டனை இருக்கிறது?

கேள்வி (தக்கலை): யெப்தா காமோஸ் என்ற தெய்வத்தை ஒத்துக்கொள்கிறாரே?

பதில்: நியாயாதிபதிகள் 11:24. இஸ்ரவேலின் தலைவர் யெப்தா அம்மோன் ராஜாவிடம் ஆள் அனுப்பி, உன் தேவன் காமோஸ் தந்ததை நீ வைத்துக்கொள்ளமாட்டாயா என்று கேட்கிறார். இது எல்லைத் தகராறில் எதிராளியின் மொழியில் பேசும் பேச்சு. யெப்தா சொன்னதெல்லாம் பைபிளின் போதனை ஆகாது. அதோடு, காமோஸ் மோவாபியரின் தெய்வம், அம்மோனியருக்கு மில்கோம். இங்கே அம்மோன் ராஜாவிடம் காமோஸ் பெயர் சொல்லப்படுவதை உரையாசிரியர்கள் இன்றும் அலசுகிறார்கள். காமோஸ் வழிபாடு உண்மையில் இருந்தது என்பதற்கு 1868-இல் யோர்தான் நாட்டின் திபானில் கிடைத்த, மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டே சாட்சி.

கேள்வி (முட்டம்): உபாகமம் 32:8-இல் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு வித்தியாசம் ஏன்?

பதில்: தேவன் ஜாதிகளுக்கு எல்லை வகுத்தது யாருடைய தொகைக்குத் தக்கதாக என்பதில் மூலப் பிரதிகளே வேறுபடுகின்றன. யூதர்கள் வழிவழியாகக் காத்துவந்த எபிரேயப் பிரதியான மசோரெட்டிக் பிரதியில் “இஸ்ரவேல் புத்திரர்”. பழைய திருப்புதல் அதன்படி. சாக்கடல் அருகே கும்ரானில் 4-ஆம் குகையில் கிடைத்த சுருளில் “தேவ புத்திரர்”. கிரேக்கப் பிரதிகள் பலவற்றில் “தேவதூதர்”. ஜாதிகளுக்கு எல்லை வகுத்தபோது இஸ்ரவேல் என்ற இனமே உருவாகவில்லை. ஆகவே “தேவ புத்திரர்” பழைய பாடமாக இருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

கேள்வி (மயிலாடி): எங்க ஊரு கல்தச்சர் ஊர். ஏசாயா 44 சிலை செய்கிறவர்களைக் கேலி பண்ணுதே சார்?

பதில்: பண்ணத்தான் செய்கிறது. ஒரே மரத்தில் பாதியை எரித்து அப்பம் சுட்டு, இறைச்சி பொரித்து, குளிர்காய்ந்துவிட்டு, மீதியைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிறான் என்கிறது. ஆனால் பாபிலோனியர் வெறும் மரத்தையா கும்பிட்டார்கள்? அங்கே “வாய் கழுவும்” சடங்கு ஒன்று உண்டு. செய்த கைவினைஞன், இதை நான் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணுவான். மரக்கத்தியால் அவன் கையை வெட்டுவதுபோலப் பாவனையும் நடக்கும். அதற்குப் பிறகுதான் சிலையில் தெய்வம் இறங்கியதாகக் கணக்கு. உங்கள் ஊரில் கண் திறக்கும்வரை அது கல்தானே, அதே நியாயம். இந்தச் சடங்கைத் தீர்க்கதரிசி வேண்டுமென்றே விட்டுவிடுகிறார். “என்னைத்தவிரத் தேவன் இல்லை” (45:5) என்று தயக்கமில்லாமல் சொல்லும் பகுதி இது. நாடு பறிபோய் பாபிலோனில் கிடந்தவர்களிடம் பேசுகிறது. அந்தச் சூட்டில் நக்கல் வராமல் இருக்குமா?

கேள்வி (நாகர்கோவில்): பவுல் 1 கொரிந்தியர் 8-இல் விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிறார், 10-இல் பேய்கள் என்கிறார். எது சரி? பக்கத்து வீட்டில் மாடன் கோயில் கொடை முடிந்து கிடாக்கறி கொடுத்துவிடுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: பவுல் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். “தேவர்கள் என்னப்படுகிறவர்கள் உண்டு” (8:5), ஆனால் “நமக்கு” ஒருவரே. 10:20-இல் “பேய்கள்” என்பது உபாகமம் 32:17-இன் எதிரொலி. பவுல் எழுதிய கிரேக்கச் சொல் “தைமோனியா”. அதே சொல்லை அப்போஸ்தலர் 17:18-இல் பழைய திருப்புதல் “தேவதைகள்” என்கிறது. தமிழில் “பேய்” என்றதும் நம் மனதில் வருகிற புளியமரத்துப் பேயை அதில் ஏற்றிப் படிக்க வேண்டாம்.

கறிக்கு நேரடியாகவே வழி சொல்கிறார். கடையில் வாங்கியதை விசாரிக்காமல் சாப்பிடு (10:25). விருந்துக்குக் கூப்பிட்டால், வைப்பதை விசாரிக்காமல் சாப்பிடு (10:27). இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் சாப்பிடாதே, அதுவும் சொன்னவரின் மனச்சாட்சிக்காக (10:28). கோயில் பந்தியிலேயே உட்காருவதைத் தனியாகத் தடுக்கிறார் (8:10, 10:21). உங்கள் வீட்டுக்கு வந்தது கொடைக் கறி என்று சொல்லியே கொடுத்தது. அதனால் 10:28 தான் பொருந்தும். நன்றாகப் பேசி, சிரித்த முகத்தோடு மறுத்துவிடுங்கள். வாங்கிவைத்துக் குப்பையில் போடுவது அதைவிட மோசம்.