ஏரி யாருக்குச் சொந்தம்? – வாசகர் கேள்விகள்

(தென்சென்னைப் புறநகரில் பேரூராட்சிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, செயல் அலுவலராக ஓய்வு பெற்றவர் இந்த மாதம் பதில் சொல்கிறார்.)

எங்கள் ஏரியில் சாக்கடை கலக்கிறது. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால் ‘ஏரி நீர்வளத் துறையுடையது’ என்கிறார்கள். அங்கே போனால் ‘சாக்கடை எங்கள் வேலை இல்லை’ என்கிறார்கள். யாரைத்தான் பிடிப்பது?
– வாசகி, கிழக்குத் தாம்பரம்

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லையம்மா. அதுதான் சிக்கல். ஏரி பாசனத்துக்காக வெட்டியது. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுப்பணித் துறைக்கு (அதன் நீர்ப் பிரிவுதான் இப்போது நீர்வளத் துறை), குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று அந்தக் காலத்தில் பிரித்தார்கள். இப்போது ஆயக்கட்டு முழுக்க அடுக்குமாடி. மதகைத் திறந்தால் தண்ணீர் யாரோ ஒருவருடைய கார் நிறுத்தத்தில் போய் நிற்கும். ஆனாலும் பதிவேட்டில் அது இன்னும் பாசன ஏரிதான். கரையும் தண்ணீரும் ஒரு துறைக்கு, நிலக் கணக்கு வருவாய்த் துறைக்கு, உள்ளே வந்து விழும் சாக்கடை உள்ளாட்சிக்கு. உங்கள் புகார் சாக்கடை பற்றியது. அதனால் உள்ளாட்சியை விடாதீர்கள்.

பொத்தாம் பொதுவாக மனு கொடுக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வரத்துக் கால்வாய் ஓரமாக நடந்து பாருங்கள். மழை பெய்து மாதக்கணக்கான அந்த நேரத்தில் எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் வருகிறதோ அது மழைநீர் வடிகால் இல்லை. குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற நேரம் என்பதால் சோப்பு நுரையோடு வரும். தெருப் பெயர், பக்கத்து வீட்டுக் கதவு எண், படம், தேதி எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். ‘ஏரியைக் காப்பாற்றுங்கள்’ என்ற மனுவை நானே எத்தனையோ தடவை ஃபைலில் கட்டி வைத்திருக்கிறேன். ‘இந்தத் தெருவில் இந்த நான்கு குழாய்களை அடையுங்கள்’ என்று வந்தால் அப்படிக் கட்டி வைக்க முடியாது. யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் எழுதியாக வேண்டும்.

இன்னொன்று. உங்கள் பக்கத்துச் செம்பாக்கம் ஏரியைச் சீரமைத்தபோது தூர் வாரியதோடு நிற்காமல், உள்ளே வரும் கழிவுநீரைச் சுத்தப்படுத்துவதையும் திட்டத்தில் சேர்த்தார்கள். அந்த ஏரி நிரம்பினால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். மேலே ஒரு தெருவில் விடுகிற சாக்கடை கீழே நாமக்கோழி மேயும் இடம் வரைக்கும் வந்து சேரும்.

பள்ளிக்கரணைக்கு ராம்சார் அந்தஸ்து கிடைத்துவிட்டதே, அப்புறமும் ஏன் வழக்கு, சண்டை?
– வாசகர், வேளச்சேரி

ராம்சார் என்பது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல். அந்த அந்தஸ்து கிடைத்தது 2022இல், 1,247 ஹெக்டேருக்கு. அதற்குப் பதினைந்து வருடம் முன்பு, 2007இல் வனத்துறையிடம் காப்புக்காடாகப் போனது சுமார் 317 ஹெக்டேர். பிறகு இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. ராம்சார் எல்லைக்குள் வருகிற எல்லா இடமும் வனத்துறை வேலிக்குள் இல்லை. கட்டட அனுமதி கொடுக்கும் மேசைக்குப் பறவையும் தெரியாது, கோரையும் தெரியாது. சர்வே எண்தான் தெரியும். எந்த எண் உள்ளே, எந்த எண் வெளியே என்று அந்த மேசைக்குத் தெளிவாகப் போகாதவரை ஆளாளுக்கு ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டுதான் வருவார்கள். சதுப்பைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை கட்டடம் அதைப் பாதிக்கும் என்று அளந்து முடிக்கும்வரை, ஒரு கிலோமீட்டருக்குள் புது அனுமதி தர வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் இதனால்தான்.

பழைய ஆட்கள் அதைச் சதுப்பு என்று சொல்லமாட்டார்கள், ‘கழுவெளி’ என்பார்கள். சுற்றியுள்ள ஏரிகளின் மிச்சத் தண்ணீர் முழுக்க அங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கடலைத் தொடும். அந்த இடத்தில்தான், பெருங்குடிப் பக்கம், நகரத்துக் குப்பையைப் பல பத்தாண்டுகள் கொட்டினார்கள். வேடிக்கையைப் பாருங்கள்: பெருங்குடியும் பள்ளிக்கரணையும் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது 2011இல். குப்பை அதற்கு எத்தனையோ வருடம் முன்பே சேர்ந்துவிட்டது! இப்போது அதே மாநகராட்சி, சுமார் 350 கோடி ரூபாய்த் திட்டத்தில், 225 ஏக்கர் குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்கிறது. நல்ல வேலை. கொட்டும்போது லாரி வாடகை மட்டும்தான் செலவு என்று நினைத்தார்கள்.

எங்கள் ஏரிக்கு நடைபாதை, விளக்கு, செல்ஃபி பாயின்ட் எல்லாம் வரப்போகிறது. நல்லதுதானே?
– வாசகர், மாடம்பாக்கம்

பாதி நல்லது. ஆள் நடமாட்டம் இருந்தால் ராத்திரியில் குப்பை லாரி வராது. ஆனால் தாழைக்கோழி கூடு கட்டுவது கரையோரச் சம்புப் புல்லுக்குள். ஒரு சாண் தண்ணீரில், சம்பு இலையை மடித்து மடித்துத் தட்டு மாதிரி வைத்திருக்கும். பக்கத்தில் போனால் ‘குர்ர்ரக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும், பறவையைப் பார்க்க முடியாது. ஒப்பந்ததாரர் அந்தச் சம்பைச் ‘செடி கொடி அகற்றுதல்’ என்று எஸ்டிமேட்டில் ஒரு வரியில் முடித்துவிடுவார். நாலு பக்கமும் சரிவாகக் கான்கிரீட் போட்டால் அது ஏரி இல்லை, தொட்டி. ஒரு பக்கக் கரையை மட்டுமாவது பாதையும் விளக்கும் இல்லாமல் விடச் சொல்லி, டெண்டருக்கு முன்பே எழுதிக் கொடுங்கள்.

இருபத்தைந்து வருடமாக வீட்டு வரி கட்டுகிறோம். இப்போது நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ். இது நியாயமா?
– பெயர் வேண்டாம் என்றவர், மேடவாக்கம்

சட்டப்படி வரி ரசீது பட்டா ஆகாது. அதைச் சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட முடியாது, ஏனென்றால் அப்படிப்பட்ட ரசீதுகளை எழுதிய கை இது. 1990களில் ஒரு பேரூராட்சியில் நான் பில் கலெக்டர். ஏரி உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில், பத்துப் பதினைந்து ஓலைக் கொட்டகை. வரி வசூல் சதவீதம் குறைகிறது என்று மேலே இருந்து நெருக்கினார்கள். அந்தக் கொட்டகைகளுக்கும் வரி விதித்தேன். அந்த ரசீதை வைத்து மின் இணைப்பு வந்தது, பிறகு ரேஷன் கார்டு, பிறகு தெரு விளக்கு. தெரு விளக்குக்குக் கோப்பு எழுதியதும் நான்தான். 2015 டிசம்பரில் அந்தத் தெருவில் தண்ணீர் நெஞ்சளவு நின்றதாகச் சொன்னார்கள். நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

நோட்டீஸுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். ரசீதுகளை இணையுங்கள், மாற்று வீடு கேளுங்கள். எங்கே கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஆற்றங்கரைகளிலிருந்து எடுத்த குடும்பங்களுக்கு வீடு கொடுத்த பெரும்பாக்கமும் கழுவெளியை ஒட்டிய பள்ளம்தான்.

பகுதி சபைக் கூட்டத்துக்குப் போனால் ஏதாவது நடக்குமா?
– வாசகர், பம்மல்

வார்டில் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறை சொல்கிற கூட்டம்தானே. உங்கள் ஊருக்கே முதலமைச்சர் வந்து உட்கார்ந்த கூட்டம் அது, 2022 நவம்பர் 1இல். போங்கள். பேசியது நோட்டில் ஏறினால்தான் கணக்கு. எழுதுகிறவர் பக்கத்தில் நாற்காலி பிடியுங்கள்.

எங்கள் பள்ளியில் ஏரி பற்றி ப்ராஜெக்ட். எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, சேலையூர்

கண்ணு, முதலில் வீட்டில் யாரையாவது அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் அ-பதிவேடு, அதாவது ஊரின் நிலக் கணக்கு, எடுத்துத் தரச் சொல். உன் ஏரியின் சர்வே எண்ணுக்கு நேரே பரப்பு இருக்கும். அப்புறம் புலப்படம், அதாவது அந்த எண்ணுக்கான நில அளவை வரைபடம். அதில் எல்லைக் கல் எங்கெங்கே என்று தெரியும். கல் பெரிதாக இருக்காது, முழங்கால் உயரம்கூட வராது, பாதி மண்ணுக்குள் போயிருக்கும். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் சர்வேயரோடு சங்கிலி பிடித்து அரை நாள் தேடினோம். கிடைக்கவில்லை. களைத்துப்போய் டீ குடிக்க உட்கார்ந்தால், பெஞ்சின் ஒரு பக்கம் அந்தக் கல்மேல்தான் நின்றது. கடைக்காரர், “இது ரொம்ப நாளா இங்கதான் சார் இருக்கு, நீங்க கேக்கவே இல்லையே” என்றார். ஏரி அந்தக் கல்லிலிருந்து நாற்பது அடி தள்ளிப் போயிருந்தது.