தடிக் கணக்கு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: லாரி லாரியாகத் தடி (வெட்டிய மரம்) போகிறது. வனத்துறை காட்டும் மர உற்பத்தியோ சொற்பம். கணக்கை மறைக்கிறார்களா?
- வாசகர், குலசேகரம்

முதலில் அந்த லாரியில் இருப்பது யார் தடி என்று பாருங்கள். நம் குமரி மாவட்டத்தில் ஓடுவதில் பெரும்பங்கு ரப்பர் தடி. தனியார் தோட்டத்தில் வெட்டியது வனத்துறை உற்பத்தியில் சேராது. கீரிப்பாறை, மணலோடை பக்கம் அரசு ரப்பர் கழகம் வெட்டி விற்பது கழகத்தின் கணக்கு. வீட்டு விளையில் (தோட்டத்தில்) நிற்கும் அயினி, பலா எல்லாம் அனுமதி தேவைப்படும் இடத்தில் மட்டுமே தாளில் ஏறும். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் கிராமங்கள் அப்படிப்பட்டவை. அங்கும் அனுமதித்த மரத்தின் எண்ணிக்கையை வைத்து, வெட்டிய தடியின் கன அளவைச் சொல்லிவிட முடியாது.

காட்டு மரத்தைப் பொறுத்தவரை, 1996 டிசம்பர் 12 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின், மத்திய அரசு ஒப்புதல் தந்த செயல்திட்டப்படிதான் (எங்கே, எவ்வளவு வெட்டலாம் என்று வகுக்கும் வனத்துறைத் திட்டம்) வெட்ட முடியும். ஆகவே எண் சிறிதாக இருப்பதில் வியப்பில்லை. வெட்டியது, காற்றில் விழுந்தது, பறிமுதல் செய்தது மூன்றையும் ஒரே எண்ணில் போட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது விழுந்த மரம் அடுத்த நிதியாண்டில் ஏலம் போனால், விற்பனைக் கணக்கை உற்பத்தி என்று வாசிப்பவர் ஏமாந்துபோவார்.

கேள்வி: ஒரே தடிக்கு இரண்டு இடத்தில் இரண்டு கன அடி சொல்கிறார்களே?
- வாசகர், தக்கலை

நீளம் 4 மீட்டர், நடுச் சுற்றளவு 120 செ.மீ. என்று வையுங்கள். கால் சுற்றளவு முறையில், அதாவது சுற்றளவில் நாலில் ஒரு பங்கை அதனாலேயே பெருக்கி நீளத்தாலும் பெருக்கினால், 0.30 × 0.30 × 4 = 0.36 கன மீட்டர், அதாவது 12.7 கன அடி. அதே தடியை முழு உருளையாகக் கணக்கிட்டால் 16.2 கன அடி. இருவரும் பொய் சொல்லவில்லை. கால் சுற்றளவு முறை உண்மையான கன அளவில் 78.5 சதவீதத்தைத்தான் காட்டும். பட்டையோடு அளந்தார்களா, உரித்தபின் அளந்தார்களா என்பதையும் கேளுங்கள். ரப்பர் தடியை டன்னில் விற்பதும் உண்டு. ஈரம் காயக் காய எடை குறையும் என்பதால் டன்னைக் கன அடியோடு ஒப்பிடவே வேண்டாம்.

கேள்வி: தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது?
- வாசகர், அருமனை

“மொத்த உற்பத்தி எவ்வளவு?” என்று கேட்டால் “தொகுத்த விவரம் இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பதிவேட்டின் நகலைக் கேளுங்கள்: குறிப்பிட்ட ஒரு நிதியாண்டுக்கு, வனச் சரகம் வாரியாக, மர இனம் வாரியாகத் தடி எண்ணிக்கை, நீளம், நடுச் சுற்றளவு, கன அளவு, கணக்கிட்ட முறை. கிடங்குப் பதிவேட்டில் ஆரம்ப இருப்பு, வரவு, விற்பனை, இறுதி இருப்பு நான்கும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் சரிபார்க்க வழியில்லை. “ஏன்” என்று கேள்வி வைக்காதீர்கள், அது தகவல் ஆகாது என்று தள்ளிவிடுவார்கள்.

நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, அரசு ரப்பர் கழகத்துக்குத் தனி மனு. ஒவ்வொன்றிலும் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நகல் கட்டணம் பெரிதாகும்போல் இருந்தால், பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடலாம்.