வாசகர் கேள்வி – பதில்: கடலின் அடித்தரையைத் தோண்டலாமா?

ஆழ்கடலின் அடியிலுள்ள கனிமங்களைத் தோண்டி எடுக்கும் முயற்சிகள் குறித்துக் கிழக்கு மாகாண வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களுள் ஐந்துக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் வெளிச்சமும் இல்லை, வலைக்கு மீனும் இல்லை என்கிறார்கள். அந்த வெறுஞ்சேற்றில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி எடுத்தால் யாருக்கு என்ன நட்டம்?
– கரைவலை மீனவர், நாவலடி

பதில்: உங்கள் கரைக்கு அப்பால் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலிலிருந்தே தொடங்கலாம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல், ஐம்பது மீற்றருக்குச் சற்று அதிகமான, உங்கள் கணக்கில் முப்பது பாகத்தை நெருங்கிய ஆழத்தில் சாய்ந்து கிடக்கிறது. சுற்றிலும் வெறும் மணல். ஆனால் கப்பலின் இரும்பிலோ மென்பவளங்களும் கடற்பஞ்சுகளும் ஒட்டி வளர்கின்றன, அவற்றை நாடி மீன் கூடுகிறது. ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் கிடைத்ததே காரணம். நீங்கள் 'பார்' என்று சொல்லும் கடலடிப் பாறைத்திட்டுகளில் மீன் நிற்பதும் இதனால்தான்.

பசிபிக் சமுத்திரத்தில், ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையிலுள்ள கிளாரியன்–கிளிப்பர்ட்டன் வலயத்தில், நாலாயிரம் மீற்றருக்கும் அதிகமான ஆழத்துச் சேற்றின்மேல் உருளைக்கிழங்கு அளவிலான கறுப்புக் கட்டிகள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றில் மங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகிய உலோகங்கள் உள்ளன. அங்குள்ள உயிர்களுக்கு அந்தக் கட்டிதான் பார். கடற்பஞ்சும் பவளமும் அதில் ஒட்டி வளர்கின்றன. பெருவுக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில், கட்டியில் வேர்கொண்டு இறந்துபோன கடற்பஞ்சின் தண்டைச் சுற்றி முட்டையிட்டு, அதைத் தன் உடலால் அணைத்துக் காத்திருக்கும் வெளிறிய பேய்க்கணவாய் ஒன்றை ஆய்வாளர்கள் படம்பிடித்துள்ளார்கள். கட்டி போனால் பஞ்சு இல்லை; பஞ்சு இல்லாவிட்டால் அந்தக் கணவாய்க்கு முட்டையிட இடமில்லை.

கட்டிகள் மீண்டும் வளராவா என்று கேட்பீர்கள். வளரும், பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீற்றர் வீதம். போர்த்துக்கேயர் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டிய காலத்திலிருந்து இன்றுவரை ஒரு கட்டி வளர்ந்த அளவு, தலைமயிரின் பருமனில் பத்திலொரு பங்குகூட இராது. 1979இல் அதே வலயத்தில் ஓர் இயந்திரம் சோதனைக்காக ஓடிய தடத்தை 2023இல் போய்ப் பார்த்தபோது, நேற்று உழுத வயல்போல் அது அப்படியே தெரிந்தது. நகர்ந்து திரியும் சிற்றுயிர்கள் சில திரும்பி வந்திருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் கட்டியில் ஒட்டி வாழ்பவை திரும்புவதற்கு அங்கே கட்டியே இல்லை.

கேள்வி: எங்கள் பலநாள் படகுகளின் சூரை மீன்பிடிக்கு இதனால் பாதிப்பு வருமா?
– படகு உரிமையாளர், வாழைச்சேனை

பதில்: கரையோர மீனுக்கு நேரடியாக ஒன்றும் வராது. வெளிக்கடலில் சூரை தேடிப் போகும் படகுகளின் நிலை வேறு. அடித்தரையிலிருந்து குழாய்வழி மேலே வரும் கட்டியோடு சேறும் வரும். கட்டியைப் பிரித்தெடுத்தபின் அந்தச் சேற்றுநீரை மீண்டும் கடலுக்குள்தான் விடுவார்கள். மாரியில் முகத்துவாரம் வெட்டப்பட்டதும் வாவியின் கலங்கல் நீர் பாலமீன்மடுவுக்கு அப்பால் கபில நிறமாய்ப் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் கரைக்கடல் அதற்குப் பழகியது. ஆயிரம் ஆண்டுகளில் சில மில்லிமீற்றர் மட்டுமே சேறு படியும் ஆழ்கடல் பழகியதல்ல. அங்கே நீரை வடித்து உண்ணும் உயிர்கள் மூச்சடைத்துப் போகும். சேற்றுநீரை நடுநீரில் விட்டால், சூரைக்கு இரையாகும் சிறு கணவாயும் மீனும் இருக்கும் நீரையும் அது கலக்கக்கூடும்.

கேள்வி: இலங்கைக்குத் தெற்கே கோபால்ட் நிறைந்த கடல்மலை ஒன்று உள்ளதாம். அதற்கு இந்தியா விண்ணப்பித்துவிட்டதாம். நாம் ஏன் முந்திக்கொள்ளவில்லை?
– உயர்தர மாணவி, கல்முனை

பதில்: நீங்கள் குறிப்பிடுவது அபனாசி நிகித்தின் கடல்மலை. பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ரஷ்ய வணிகரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. தேசப்படத்தில் மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ நேர் தெற்காகக் கோடு இழுத்தால், பூமத்தியரேகையைத் தாண்டி, ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் அதன் அருகே போய்ச் சேரும். அதன் பாறைகளின்மேல் கோபால்ட் செறிந்த கறுப்புப் படலம் படிந்துள்ளது. 2024 ஜனவரியில் இந்தியா அங்கே ஆய்வு உரிமம் கேட்டு, நாடுகளின் எல்லைகளுக்கு அப்பாலுள்ள கடலடியை நிர்வகிக்கும், ஜமெய்க்காவின் கிங்ஸ்ரனிலுள்ள சர்வதேச கடலடித்தள அதிகாரசபைக்கு விண்ணப்பித்தது. அப்பகுதி வேறொரு நாடு தன் கண்டமேடை, அதாவது தன் நிலம் கடலுக்கடியில் நீளும் பகுதி, என்று கோரும் எல்லைக்குள் வருவதாக அதிகாரசபை சுட்டிக்காட்டியது. அந்தக் கோரிக்கையை இலங்கை 2009இலேயே ஐ.நா.விடம் சமர்ப்பித்திருந்தது. வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் கடலடி மண்படிவு மிகத் தடித்திருப்பதால் அங்கு எல்லையை அளக்கத் தனி முறை வேண்டும் என்பதை ஐ.நா. கடற்சட்ட மாநாடே ஏற்றிருந்தது. ஆக, நாம் முந்தாமல் விட்டோம் என்பது சரியல்ல.

ஆனால் உங்கள் கேள்வியின் அடியிலுள்ள எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. எமது என்று நிலைநாட்டுவது ஒன்று, எமது என்பதற்காகத் தோண்டுவது வேறு. நாட்டின் எல்லைகளுக்கு அப்பாலுள்ள கடலடி மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்ற கொள்கையை 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட சமவாயத்தில் கொண்டுவந்து சேர்த்த மாநாட்டுக்கு, 1973 முதல் 1980இல் இறக்கும்வரை தலைமை வகித்தவர் இலங்கையரான ஷெர்லி அமரசிங்க. உங்கள் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இல்லையென்றால் அது பாடப்புத்தகத்தின் குறை. பபுவா நியூகினியாவோ தன் சொந்தக் கடலிலேயே தோண்டும் திட்டத்தில் அரச பணத்தைப் போட்டது; 2019இல் அத்திட்டத்தை நடத்திய நிறுவனம் முறிந்தது, போட்ட பணமும் போயிற்று.

இன்னொன்றும் கேளுங்கள். இந்து சமுத்திரத்தின் அடியிலுள்ள வெந்நீர் ஊற்றுகளில், காலில் இரும்புச் சல்பைட்டுச் செதில்களைக் கவசமாகப் போர்த்திய ஒரு நத்தை வாழ்கிறது. அப்போது மூன்றே இடங்களில் அறியப்பட்டிருந்த அந்த நத்தை, கடலடிச் சுரங்கத்தின் அச்சுறுத்தலைக் காரணமாகக் கொண்டு 2019இல் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒரு நாட்டின் கோரிக்கைக்குப் பதிலாக அந்த நத்தையின் வாழிடத்தை முதலில் அளந்திருந்தால் விவாதமே வேறாக இருந்திருக்கும்.

கேள்வி: எங்கள் கரையில் இல்மனைட் மணல் எடுப்பதும் இதுவும் ஒன்றா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருக்கோவில்

பதில்: அல்ல. அது கரைமணல், இலங்கைச் சட்டத்துக்கு உட்பட்டது, ஊரவர் கண்முன் நடப்பது. ஆழ்கடலில் நடப்பதைப் பார்க்க ஊரும் இல்லை, மறிக்க ஆளும் இல்லை என்பதுதான் பெரிய வேறுபாடு.

கேள்வி: புகையில்லாத வாகனத்துக்கு இந்த உலோகங்கள் வேண்டும் என்கிறார்களே?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வலுவான வாதம்தான், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மெலிந்து வருகிறது. சர்வதேச கடலடித்தள அதிகாரசபை இதுவரை ஆய்வு ஒப்பந்தங்களையே வழங்கியுள்ளது, வணிக அகழ்வுக்கு அனுமதி கொடுத்ததில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இடைநிறுத்தம் கேட்கின்றன. இதற்கிடையில் பற்றரி மாறிவிட்டது. மின் ஸ்கூட்டர் வாங்கப் போனால் அதன் பற்றரி எந்த வகையென்று கடையில் கேட்டுப் பாருங்கள், 'எல்.எப்.பி.' என்றால் அதிலுள்ளவை லிதியமும் இரும்பும் பொசுபேற்றும். கோபால்ட்டும் நிக்கலும் அதில் இல்லை.