பாண்டோ மேடை: வாசகர் கேள்வி பதில்

பிரிட்டனில் குளிர்கால பாண்டோ (பாட்டும் கிண்டலுமாக, பார்வையாளர்களும் கூச்சலிட்டுக் கலந்துகொள்ளும் குடும்ப நகைச்சுவை நாடகம்) போடும் அமெச்சூர் நாடகக் குழுக்களில் சேர்ந்திருக்கும் வாசகர்களின் கேள்விகள் இம்முறை.

எங்கள் குழு ஜனவரியில் 'ஸ்னோ ஒயிட்' போடுகிறது. பழைய கதைதானே, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

கதைக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் குள்ளர்கள் எழுவருக்கும் இன்று எல்லோரும் சொல்லும் பெயர்கள் டிஸ்னியின் 1937 படத்தில் வந்தவை. புதுப் பெயர் வைத்துவிடுங்கள். அந்தப் படத்தின் பாட்டு, உடை பக்கமும் போகாதீர்கள். அச்சான பிரதியை எடுத்தால் உரிமத்தொகை உண்டு, வசனத்தை மாற்றப் பதிப்பாளரின் சம்மதமும் வேண்டும். உள்ளூர் கிண்டலுக்கென்று பல பிரதிகளில் இடம் விட்டிருப்பார்கள், அதுவே போதும்.

என் மகள்கள் (8, 11 வயது) கோரஸில் ஆடுகிறார்கள். உரிமம் வேண்டும் என்கிறார்களே?

இங்கிலாந்தில் சம்பளமில்லாமல், பள்ளிக்கு விடுப்பு எடுக்காமல், ஆறு மாதத்தில் நான்கு நாளுக்கு மேற்படாமல் மேடையேறினால் வேண்டாம். மேற்பட்டால் கவுன்சிலிடம் குறைந்தது 21 நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். குழந்தைக்கு ஒன்றாக வாங்காமல் குழு முழுவதற்கும் ஒரே ஒப்புதல் பெறவும் வழி இருக்கிறது, செயலாளரை அதைக் கேட்கச் சொல்லுங்கள். கவுன்சில் அங்கீகரித்த காப்பாளர் ஒருவர் அதிகபட்சம் 12 குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

பெஞ்சில் உட்கார்ந்து பாடும்போது பேய் வரும் காட்சி, ஒத்திகையில் சப்பென்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

அந்தக் காட்சியில் பாதி நடிகர்கள் அரங்கில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்கள்தான், ஒத்திகைக்கு அவர்கள் வருவதில்லை! கோரஸில் நாலு பேரை நாற்காலியில் உட்கார வைத்துக் கத்தச் சொல்லுங்கள். இடைவெளி எவ்வளவு விடுவது என்பது அப்போதுதான் பிடிபடும்.

பேய் வந்தால் சத்தம் போடுங்கள் என்று டேம் (ஆண் போடும் நகைச்சுவைப் பெண் வேடம்) முதலிலேயே அரங்கில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டு வாங்க வேண்டும். இதை விழுங்கிவிட்டால் அரங்கம் வாயைத் திறக்காது. பிறகு பேய் அவசரப்படக் கூடாது. உள்ளே வந்து, எல்லோர் கண்ணிலும் பட்டு, இரண்டு நொடி நின்ற பிறகே தோளைத் தட்டலாம். 'இட்ஸ் பிஹைண்ட் யூ!' (உனக்குப் பின்னால்!) என்று கூச்சல் எழுந்ததும் பெஞ்சில் இருப்பவர்கள் வலப்பக்கம் திரும்ப, பேய் இடப்பக்கம் நழுவ வேண்டும். இந்தத் திசைகளைப் பிரதியில் பென்சிலால் குறியுங்கள். ஒருவர் மாறித் திரும்பினாலும் பேய் அகப்பட்டுக்கொள்ளும்.

கூச்சல் உச்சத்திலிருந்து இறங்கும்போதே அடுத்த வசனத்தைத் தொடங்குங்கள். முழுக்க அடங்கக் காத்திருந்தால் சூடு போய்விடும், உச்சத்தில் பேசினால் யார் காதிலும் விழாது. பார்வையாளரோடு போடும் 'ஓ நோ இட் இஸன்ட்!' (இல்லவே இல்லை!) சண்டை மூன்று சுற்றோடு நிற்கட்டும். ஒவ்வொருவராகப் பேய் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் டேம் தனியாக அதன் முகத்தைப் பார்க்க, பேய்தான் அலறி ஓட வேண்டும். துணிக்குள் இருப்பவருக்குப் பெஞ்சின் முனை தெரியாது, தரையில் வெள்ளை டேப் ஒட்டுங்கள்.

ஒருவர்மேல் ஒருவர் நுரையை அப்பும் நுரை அபிஷேகக் காட்சிக்கு எதைப் பயன்படுத்துவது?

கட்டி ஷேவிங் சோப்பைத் துருவி, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மின்சார பீட்டரால் அடியுங்கள். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வேண்டும். டப்பா நுரை விளக்குச் சூட்டில் சீக்கிரம் தளர்ந்துவிடும். உண்மையான கிரீம் வேண்டவே வேண்டாம், நாற்றம் போகாது. நுரைத் தட்டைக் கன்னத்தில் அப்புங்கள், மூக்கிலும் கண்ணிலும் வேண்டாம்.

வழுக்கி விழுவதுதான் பெரிய ஆபத்து. தரையில் பிளாஸ்டிக் விரித்தால் இன்னும் மோசம், கனமான கேன்வாஸ் விரியுங்கள். அடுத்த காட்சி முன்திரைக்கு முன்னால் நடக்கும்படி வைத்தால், பின்னால் துணியைச் சுருட்டி மாப் போட நேரம் கிடைக்கும். மைக்கைக் கழற்றிவிட்டு வர மறக்க வேண்டாம்.

டேம் வேடம் கிடைத்திருக்கிறது. மீசையை எடுக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆண்தான் என்று தெரிவதில்தானே சிரிப்பு! குரலையும் மெல்லியதாக்க வேண்டாம். உடைகளுக்கு முதுகில் வெல்க்ரோ, விக்கைத் தொப்பியோடு சேர்த்துத் தையல். இரண்டும் ஒரே இழுப்பில் வந்துவிடும்.

நாடகத்தின் கடைசி ஈரடியை, முதல் நாள் மேடையேறும்வரை ஒத்திகையில் சொல்லக் கூடாதாமே?

நாடகக்காரர்களின் பழைய நம்பிக்கை. வில்லன் பார்வையாளருக்கு வலப்பக்கமிருந்தும் தேவதை இடப்பக்கமிருந்தும் வருவது போன்ற இன்னொரு வழக்கம். கடைபிடிப்பதில் நஷ்டமில்லை, ஆனால் விளக்குக்காரருக்கு அந்த வரிதான் சைகை. அதே நீளத்தில் ஏதாவது குழந்தைப் பாட்டின் இரண்டு வரியை ஒத்திகையில் சொல்லுங்கள், எந்தச் சொல்லில் விளக்கு மாற வேண்டும் என்பதை அவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.