ஆடைப் படிப்பு போட்ட காசைத் திருப்பித் தருமா? கேள்வி பதில்

மொறட்டுவையில் படித்தேன். 16 வருடம் ஆடைத் தொழிற்சாலைகளில் இருந்துவிட்டு, இப்போது ஹட்டனில் ஒரு சிறிய தையல் கூடம் நடத்துகிறேன். படிப்பு, செலவு, வேலை பற்றிக் கேளுங்கள். ஒரு வேண்டுகோள்: நகையை அடகு வைப்பதற்கு முன்பே கேளுங்கள்.

தலவாக்கலை, ஒரு தாய்: மகள் கலைப்பிரிவில் உயர்தரம் எழுதியிருக்கிறாள். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஃபேஷன் டிசைன் பட்டத்துக்கு மூன்று வருடத்தில் 25 இலட்சம் கேட்கிறார்கள். கடன் எடுக்கலாமா?

அக்கா, அந்த 25 இலட்சத்தில் எவையெல்லாம் அடங்குகின்றன என்று எழுதி வாங்கினீர்களா? போர்டிங் வாடகை, பஸ், சாப்பாடு எல்லாம் வேறு. கடைசி வருடத்துக் காட்சிக்குத் தைக்கும் உடுப்புகளின் துணிச் செலவும் பெரும்பாலும் பிள்ளையின் தலையில்தான். என் அறைத்தோழி அதற்காகக் கை வளையலை விற்றாள்.

கடனுக்கு 14% வட்டி என்று வைத்துக்கொள்வோம். 25 இலட்சத்துக்கு வருடத்துக்கு 350,000 ரூபாய், அதாவது மாதம் 29,000க்கு மேல். வாங்கிய கடன் தொகையில் ஒரு ரூபாயும் குறையவில்லை, வட்டிக்கு மட்டும் இவ்வளவு. வேலைக்குச் சேரும் பிள்ளை கொழும்பில் வாடகையும் கொடுத்து, இதையும் கட்ட வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் நாட்கூலி 2024இல் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கூலிப்படி பார்த்தால் இந்த மாதவட்டி உங்கள் 21 பெயருக்கு, அதாவது 21 நாள் கூலிக்கு, மேல்.

கடனுக்கு முன் ஒன்றை முயன்று பாருங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்பும் உற்பத்தி மேம்பாடும் என்ற பட்டம் இருக்கிறது. அரச பல்கலைக்கழகம் என்பதால் கல்விக் கட்டணம் இல்லை. கலைப்பிரிவுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். உயர்தரத்தில் எடுத்த இசட் புள்ளியோடு, துறைக்கு ஏற்ற நாட்டத்தைப் பார்க்கும் உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். அந்தப் பரீட்சைக்குப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியைக் கவனிக்கும் மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தை நிரப்பியதோடு நின்றுவிட்டு, வாய்ப்பை இழந்த மலையகப் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பண்டாரவளை மாணவன்: ஆண் பிள்ளைகள் படிக்கலாமா?

தாராளமாக. எனக்கு பேட்டர்ன் வெட்டச் சொல்லிக்கொடுத்தவரே ஓர் ஆண்தான்.

மஸ்கெலியா: என் அக்கா பத்தாம் வகுப்போடு கட்டுநாயக்காவுக்கு, ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். 11 வருடத்தில் லைன் சுப்பர்வைசர். புதிதாக வரும் பட்டதாரியைவிட அவருக்குச் சம்பளம் அதிகம். பிறகு எதற்குப் பட்டம்?

தம்பி, முதல் வருடத்தில் அப்படித்தான் இருக்கும். ஐந்தாம் வருடத்தில் இருவரும் எந்தக் கதிரையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு சட்டை தைக்க 15 நிமிடம் என்று கணக்கிடுவார்கள், எஸ்.எம்.வி. என்பது அதுதான். 25 பேர் வரிசையாக இருந்து தைக்கும் லைனில் எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிடம். 480 தடவை 25, வகுத்தல் 15: 800 சட்டை. லைன் 60% திறனில் ஓடினால் 480. வாங்குபவரிடம் விலை பேசுபவர் இந்தக் கணக்கோடுதான் உட்காருகிறார். உங்கள் அக்கா 480 சட்டையை எடுத்துக் கொடுக்கிறார். விலை பேசும் மேசையில் அவருக்கு இடமில்லை. அது அநியாயம்தான். ஆனாலும் பட்டத்துக்குக் கிடைக்கும் காசு அந்த மேசைக்கான காசு.

மஸ்கெலியா (மீண்டும்): 15 நிமிடத்தில் கழிவறைக்குப் போகும் நேரத்தைச் சேர்த்தீர்களா?

சேர்த்திருக்கிறது. காகிதத்தில்.

இராகலை, முன்னாள் ஒப்பரேட்டர்: காகிதத்தில் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், மிஸ். பட்டதாரிப் பிள்ளை ஒருத்தி நேரங்காட்டியோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். கொலரைத் திருப்பிக் கூர்மையெடுக்க அவளுக்குத் தெரியாது. எனக்கு எத்தனை விநாடி என்று எழுதினாள்.

இதற்கு என்னிடம் மறுப்பில்லை. நானும் அந்தப் பிள்ளையாக இருந்தவள்தான். முதல் வாரத்தில் ஒரு மூத்த ஒப்பரேட்டர் என்னை ஜூக்கி மெஷினில் உட்கார வைத்து, "இப்போது நீங்கள் தையுங்கள், நான் எழுதுகிறேன்" என்றார். ஒரு கொலருக்கு நான் எடுத்த நேரத்தை இங்கே எழுத மாட்டேன். அதன் பிறகு நான் எழுதிய நேரங்கள் கொஞ்சம் தாராளமாக இருந்தன. மேலாளர் முகம் சுளித்தார். தைக்கத் தெரியாமல் பட்டம் முடிக்காதீர்கள், பிள்ளைகளே.

ஹப்புத்தளை: தனியார் டிப்ளோமாவுக்குக் கடன் எடுக்கலாமா?

தலவாக்கலை அக்காவுக்குச் சொன்னதை வாசியுங்கள். டிப்ளோமாதான் வேண்டுமென்றால் இரத்மலானையில் உள்ள அரச ஆடை, புடவை நிறுவனத்தில் விசாரியுங்கள். திறந்த பல்கலைக்கழகத்திலும் ஆடைத் துறைப் படிப்பு உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

பதுளை: இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா?

ஏற்றுமதியை நம்பிய துறை. தூரத்தில் எடுக்கும் முடிவு இங்கே அடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் இறக்குமதி வரிச் சலுகை 2010இல் போய் 2017இல் திரும்ப வந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா எங்கள் பொருட்களுக்கு 44% வரி என்று அறிவித்தது; ஆகஸ்டில் அது 20% ஆனது. அந்த நான்கு மாதமும் தொழிற்சாலைகளில் நித்திரை இருந்திருக்காது. வடிவமைப்போடு கணக்கும் ஆங்கிலமும் தெரிந்தவர் வேறு துறைக்கும் தாவலாம். படம் மட்டும் வரைபவருக்கு அது சிரமம்.

நுவரெலியா: கனடா விசாவுக்கு இந்தப் பட்டம் உதவுமா?

விசா என் துறையில்லை.

வெலிமடை: தங்க நகையை வைத்துத் தனியார் நிறுவனத்தில்...

மூன்றாவது தடவை. மேலே பாருங்கள்.

கொட்டகலை, ஒரு தந்தை: மகளுக்கு 12 வயது. பொம்மைகளுக்கு உடுப்பு தைக்கிறாள். இப்போதே என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

ஒன்றும் வாங்க வேண்டாம், அண்ணா. உங்கள் பழைய சட்டையொன்றைக் கொடுத்து, தையலைப் பிரித்து மீண்டும் தைக்கச் சொல்லுங்கள். கொலர் மட்டும் எத்தனை துண்டு என்று முதலில் எண்ணட்டும். இரண்டு நாளில் அழுதுகொண்டு வருவாள். திரும்பவும் உட்கார்ந்தால் எனக்கு எழுதுங்கள்.