டிசம்பரில் ஆட்டம் யார் வீட்டில்? எஃப்.சி.எஸ். கேள்வி பதில்

எஃப்.சி.எஸ். என்பது அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் ஒரு மட்டம். அதன் 2024 பருவம் பற்றி வந்த கேள்விகள். தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன். பந்தயம் கட்டத் துப்பு கேட்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

எஃப்.சி.எஸ். என்றால் இரண்டாம் டிவிஷன்தானே?

இல்லை, அதுவும் முதல் டிவிஷன்தான். 1978இல் கால்பந்துக்காக மட்டும் முதல் டிவிஷனை இரண்டாகப் பிரித்தார்கள். கீழ்ப்பாதியின் பெயர் 1-ஏஏ. 2006இல் அது எஃப்.சி.எஸ். ஆனது. 2024 கணக்கில் மேல்பாதி அணிக்கு வீரர்களுக்கான 85 உதவித்தொகை, இங்கே 63, டிவிஷன் 2இல் 36. டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகையாக ஒரு காசு கிடையாது.

சவுத் டகோட்டா கடைசி வாரத்தில் நார்த் டகோட்டா ஸ்டேட்டை 29-28 என்று வென்றது. ஆனால் சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபின் தரவரிசையில் வென்றவருக்கு 4, தோற்றவருக்கு 2. இது என்ன நியாயம்?

நல்ல கேள்வி. இதற்காகவே உட்கார்ந்தேன்.

அந்த ஒரு ஆட்டத்தோடு கதை முடியவில்லை. நார்த் டகோட்டா ஸ்டேட் சவுத் டகோட்டா ஸ்டேட்டை வென்றது. சவுத் டகோட்டா ஸ்டேட் சவுத் டகோட்டாவை வென்றது. சவுத் டகோட்டா நார்த் டகோட்டா ஸ்டேட்டை வென்றது. மூவரும் மிசௌரி வேலி லீக்கில் 7-1, அதாவது ஏழு வெற்றி, ஒரு தோல்வி. கல், கத்தரி, காகிதம் மாதிரி ஒரு வட்டம். நேருக்கு நேர் முடிவை வைத்து இதை அவிழ்க்க முடியாது.

அப்புறம் சவுத் டகோட்டாவுக்கு ஒரு ஆட்டமே குறைந்துபோனது. எதிரணியான போர்ட்லண்ட் ஸ்டேட்டில் கக்குவான் இருமல் பரவியதால் அந்த ஆட்டம் ரத்து. ஆக 9-2. மற்ற இருவரும் 10-2.

2க்கும் 4க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? அரையிறுதியில்தான் தெரிந்தது. அங்கே தரவரிசையில் மேலே இருப்பவர் ஊரில்தான் ஆட்டம். 4ஆம் இடத்துக்காரர் முதலிடத்தில் இருந்த மொன்டானா ஸ்டேட்டைத் தேடி அவர்கள் ஊரான போஸ்மனுக்குப் போய் 31-17 என்று தோற்றார். 2ஆம் இடத்துக்காரர் சொந்தக் கூரையின் கீழ், ஃபார்கோடோமில், 28-21 என்று வென்றார். வழக்கமான எச்சரிக்கை: எத்தனை தோல்வி என்று மட்டும் எண்ணாதீர்கள், யாரிடம், எங்கே என்று பாருங்கள்.

இறுதி ஆட்டம்?

2025 ஜனவரி 6, டெக்சஸின் ஃபிரிஸ்கோ. நார்த் டகோட்டா ஸ்டேட் 35, மொன்டானா ஸ்டேட் 32. அதுவரை 15-0 என்றிருந்த மொன்டானா ஸ்டேட்டுக்கு முதல் தோல்வி. வென்றவருக்கு 2011இலிருந்து இது பத்தாவது பட்டம்.

இரண்டாம் டிவிஷனில் இத்தனை கூட்டமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

டிவிஷன் 3?

நார்த் சென்ட்ரல், மவுண்ட் யூனியனை 41-25 என்று வென்றது. அந்த உலகம் தனி. அதில் ஊறியவர்களிடம் கேளுங்கள்.

ஜாக்சன் ஸ்டேட் 12-2. பிளேஆஃபில் ஏன் இல்லை? பயமா?

பயமில்லை, நாள்காட்டி. முதல் சுற்று நவம்பர் 30. அதே நாளில்தான் ஜாக்சன் ஸ்டேட்டின் லீக்கான எஸ்.டபிள்யூ.ஏ.சி.யைச் சேர்ந்த கிராம்ப்ளிங், சதர்ன் இரண்டும் மோதும் பாயு கிளாசிக். அடுத்த சனிக்கிழமை இரண்டாம் சுற்று. அன்றைக்கு அந்த லீக்கின் சொந்த இறுதி ஆட்டம். அதில் வென்றவர் அட்லாண்டாவில் எம்.இ.ஏ.சி. என்ற இன்னொரு கறுப்பினக் கல்லூரி லீக்கின் சாம்பியனோடு செலிப்ரேஷன் பவுலில் ஆடுவார். கறுப்பினக் கல்லூரிகளுக்கு அது திருவிழா. ஜாக்சன் ஸ்டேட் அங்கே 28-7 என்று வென்றது.

சால்ஜாப்பு. பெரிய அணிகளோடு ஆடினால் சாயம் வெளுத்துவிடும் என்பதுதான் உண்மை.

1978இல் நடந்த முதல் 1-ஏஏ இறுதியில் மாசசூசெட்ஸை 35-28 என்று வென்று கோப்பையைத் தூக்கியது ஃபுளோரிடா ஏ அண்ட் எம். அது கறுப்பினக் கல்லூரிதான், ஐயா.

அது பழங்கதை. அதே கல்லூரி 2021இல் வந்து முதல் சுற்றிலேயே அடி வாங்கியதே?

வாங்கியது, 38-14. மறுக்கவில்லை. ஆனால் ஒரு தோல்வியை வைத்து ஒரு லீக்குக்கே முத்திரை குத்துவதென்றால், 2024 நவம்பரில் சவுத் டகோட்டாவிடம் தோற்ற நார்த் டகோட்டா ஸ்டேட்டையும் அல்லவா தள்ளியிருக்க வேண்டும்? பணக்கணக்கையும் பாருங்கள். பிளேஆஃப் டிக்கெட் வசூலில் பெரும்பங்கு கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுக்குப் போகிறது. பாயு கிளாசிக்கை விட்டுவிட்டு யார் வருவார்கள்? இன்னொன்று: ஹார்வர்டு ஆடும் ஐவி லீக்கும் பல காலம் பிளேஆஃபுக்கு வரவில்லை. 2025இலிருந்து வருவதாக 2024 டிசம்பரில்தான் அறிவித்தார்கள். ஹார்வர்டு பயந்தது என்று நீங்கள் ஒருநாளும் எழுதவில்லையே.

அது வேறு, இது வேறு.

சரி, எப்படி வேறு என்று சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

நார்த் டகோட்டா ஸ்டேட்டின் அரங்கமான ஃபார்கோடோமுக்கு முதல்முறை போகிறேன். என்ன கொண்டுபோக?

காதில் வைக்கப் பஞ்சு. மூடிய கூரை, சத்தம் வெளியே போகாது.