நாலு தீவு வேண்டாம், இரண்டு போதும்

வாசகி கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். ஹவாயின் கவாய் தீவில், பிரின்ஸ்வில் என்ற ஊரில் என் கணவரின் சித்தப்பாவுக்கு ஒரு டைம்ஷேர், அதாவது ரிசார்ட்டில் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை, இருக்கிறது. 52-வது வாரம், தேதியை மாற்ற முடியாது. இந்தத் தடவை எங்களைப் போகச் சொல்லிவிட்டார். டிசம்பர் 26 சனி முதல் ஜனவரி 2 சனி வரை. பள்ளி முன்னாடியே மூடிவிடுவதால் 21-ம் தேதியே கிளம்பி, ஒவாஹு 2 நாள், மாவி 2 நாள், பிக் ஐலண்ட் 1 நாள் பார்த்துவிட்டுக் கவாய் போகலாம் என்கிறார் கணவர். பிள்ளைகளுக்கு 12, 8 வயது. மதுரையிலிருந்து மாமியாரும் வந்திருக்கிறார், 68 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம். இந்தத் திட்டம் சரிவருமா?

பதில்:

சரிவராதுங்க. உங்கள் வீட்டுக்காரர் ஆசை எனக்குப் புரிகிறது, அவ்வளவு தூரம் போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் பறக்கிற நேரம் முக்கால் மணிதான் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த முக்கால் மணிக்காகப் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்து, விமான நிலையத்தில் காத்திருந்து, இறங்கி, மறுபடி கார் வாங்க வரிசையில் நின்று, அடுத்த அறைச் சாவி கைக்கு வருவதற்குள் பாதி நாள் போய்விடும். ஐந்து நாளில் மூன்று தீவு, ஆறாவது நாள் நாலாவது தீவு என்றால் உங்கள் அத்தை பார்க்கப்போவது விமான நிலைய நாற்காலிகளைத்தான். படகில் போகலாமா என்றால் அதுவும் இல்லை, இந்தத் தீவுகளுக்கு நடுவே காரோடு ஏற்றிப்போன பெரிய படகுச் சேவை 2009-லேயே நின்றுவிட்டது.

அந்த ஐந்து இரவையும் பிக் ஐலண்டுக்கே கொடுத்துவிடுங்கள். ஒவாஹு, மாவி இரண்டையும் இன்னொரு வருஷத்துக்கு வையுங்கள். மாவியில் எல்லோரும் சொல்கிற ஹானா சாலை அறுநூறுக்கு மேல் வளைவு உள்ளது, அதில் அத்தையை நாள் முழுக்க உட்கார வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பேர்ல் ஹார்பர் போர் நினைவிடத்துக்காகத்தான் ஒவாஹு என்றால், கிறிஸ்துமஸ் அன்று அது மூடியிருக்கும், மற்ற நாளிலும் படகு டிக்கெட்டுக்கு அடிதடிதான்.

வேறு எதையும் பதிவு செய்வதற்கு முன் சித்தப்பாவிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, இந்த வருஷ வாரக் காலண்டர். 52-வது வாரம் என்பது ஒவ்வொரு வருஷமும் ஒரே தேதியில் விழாது, சில ரிசார்ட்டில் வெள்ளி அல்லது ஞாயிறு தொடங்கும். அவர் ஞாபகத்தில் சொன்ன தேதியை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள், காலண்டரைக் கண்ணால் பாருங்கள். இரண்டாவது, அவர் கூட வராததால் தங்கப்போவது உங்கள் கணவர் என்று அவரே ரிசார்ட்டுக்கு எழுதி, உங்கள் கணவர் பெயரில் விருந்தினர் உறுதிக் கடிதம் வாங்கித் தரவேண்டும். இது இல்லாமல் போய் வரவேற்பு மேஜையில் ஒன்றரை மணி நேரம் நின்ற குடும்பம் எங்களுடையது. டைம்ஷேருக்குச் சொந்தக்காரரான மாமா இந்தியாவில், அங்கே நள்ளிரவு, போன் எடுக்கவில்லை, குழந்தை தரையிலேயே தூங்கிவிட்டாள். அப்படியே தினசரிக் கட்டணம், பார்க்கிங், தங்கும் வரி இதெல்லாம் யார் கட்டுவது என்றும் இப்போதே பேசிவிடுங்கள், உறவுக்குள் பணப் பேச்சைத் தள்ளிப்போட்டால்தான் மனஸ்தாபம் வரும்.

டைம்ஷேர் வாரத்தைக் கடைசியில் வைத்திருப்பது நல்லதுதான். 21-ம் தேதி நேராகப் பிக் ஐலண்டின் மேற்கே உள்ள கோனாவில் இறங்கி, ஜனவரி 2 கவாயின் விமான நிலையமான லிஹூவேயிலிருந்து வீடு திரும்புகிற மாதிரி டிக்கெட் எடுங்கள், போன வழியே திரும்பி வரவேண்டியதில்லை. கலிஃபோர்னியாவைவிட அங்கே இரண்டு மணி நேரம் பின்னால், முதல் சில நாள் பிள்ளைகள் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள், அலைச்சலை அந்த நாட்களில் முடித்துவிட்டால் சமையலறையும் துணி துவைக்கும் மெஷினும் இருக்கிற வீட்டில் போய் நிதானமாக உட்காரலாம். இன்னொரு காரணமும் உண்டு. 26-ம் தேதி விமானம் தாமதமானாலும் நீங்கள் ஏற்கெனவே ஹவாயில்தான் இருப்பீர்கள். வார டைம்ஷேரில் தவறிய இரவு தவறியதுதான், பின்னால் சேர்த்துத் தரமாட்டார்கள்.

கோனா பக்கம் இரண்டு இரவு, அப்புறம் எரிமலைப் பூங்கா வாசலில் உள்ள வால்கேனோ கிராமத்தில் மூன்று இரவு. தெற்குச் சாலை வழியாகப் போங்கள், வழியில் புனலுவு என்ற கரும்மணல் கடற்கரை. பாறை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம், அது மெல்லக் கழுத்தைத் தூக்கும், ஆமை. மூன்று மீட்டராவது தள்ளி நிற்கவேண்டும், மணலையோ கல்லையோ எடுத்துவரக் கூடாது. கிலவேயா எரிமலையில் 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய சீற்றம் விட்டு விட்டு வந்தது. நீங்கள் போகிற நாளில் நெருப்புக் குழம்பு தெரியும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் அங்கே ஒரு நாள் போதாது என்கிறேன். மூன்று ராத்திரி இருந்தால் ஒரு ராத்திரியாவது அமையலாம், பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கும். குழம்பு இல்லாவிட்டாலும் தரையிலிருந்து புகையும் ஆவிக் குழிகள் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே, அத்தை நடக்கவே வேண்டாம். ஊர் 1,200 மீட்டர் உயரம், மழையும் குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம். மௌனா கேயா உச்சிக்கு ஆசைப்படாதீர்கள், 4,207 மீட்டர், சின்னப் பிள்ளைகளுக்கும் வயசானவர்களுக்கும் ஆகாது.

26 காலை பிக் ஐலண்டின் கிழக்கே உள்ள ஹீலோவிலிருந்து ஹொனலுலு வழியாக லிஹூவே. காரைக் கோனாவில் எடுத்து ஹீலோவில் விட்டால் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள், திரும்ப இரண்டரை மணி நேரம் ஓட்டுவதற்கு அது மேல். கிறிஸ்துமஸ் வாரத்தில் கார் கிடைப்பதே கஷ்டம், இரண்டு தீவுக்கும் காரை இன்றைக்கே பதிவு செய்யுங்கள்.

இனி கவாய். இங்கே ஏழு நாளில் மூன்று நாளுக்குத்தான் திட்டம், மற்றது சும்மா இருக்க. பிரின்ஸ்வில் வடக்குக் கரை, குளிர்காலத்தில் மழை வந்து வந்து போகும், கடல் கொந்தளிக்கும். ஊருக்குள்ளேயே குயின்ஸ் பாத் என்று ஒரு பாறைக்குளம், படத்தில் அழகாக இருக்கும், அலை அடித்து இழுத்துப்போய் அங்கே பலர் இறந்திருக்கிறார்கள். டிசம்பரில் அந்தப் பக்கமே வேண்டாம், யார் சொன்னாலும்.

பிள்ளைகள் குளிக்க லிட்கேட் கடற்கரை. கல் அடுக்கி அலையைத் தடுத்த குளங்கள், உயிர்காப்பாளர் உண்டு. அது இருக்கிற வைலுவா பக்கத்தில்தான் கவாய் ஆதீனம் என்ற சைவ மடமும் இருக்கிறது. காலை 9 மணி பூஜைக்குக் கோயில், பிறகு கடல், ஒரே நாளில் இரண்டும். அங்கேயுள்ள இறைவன் கோயில் முழுக்கக் கருங்கல், பெங்களூர் பக்கம் சிற்பிகள் உளியால் கையாலேயே செதுக்கிக் கப்பலில் வந்தது, வடிவமைத்தவர் கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைச் செய்த கணபதி ஸ்தபதி. 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. கருவறையில் 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஸ்படிக லிங்கம். ஆதீனத்தை நிறுவிய சுப்பிரமுனியசுவாமி யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்றவர். மார்கழி மாதம், வெள்ளைக்காரத் துறவிகள் வேட்டியும் திருநீறுமாகத் தமிழில் பாடுவதைக் கேட்டு அத்தை என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள், எரிமலையைவிட அதைத்தான் ஊரில் போய்ச் சொல்வார். எந்தெந்த நாளில் பார்வையாளர்களை விடுகிறார்கள் என்று அவர்கள் காலண்டரைப் பார்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள், அரைக்கால் சட்டையோடு போகாதீர்கள்.

இன்னொரு நாள் வைமேயா பள்ளத்தாக்கு. தீவைச் சுற்றிச் சாலை கிடையாது, நபாலி மலைகள் மறிக்கின்றன, அதனால் பிரின்ஸ்வில்லிலிருந்து போக மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மணி. விடியலில் கிளம்புங்கள், தாமதமானால் மேகம் மூடிவிடும்.

சாப்பாடு பற்றிக் கவலையே வேண்டாம். சின்ன குக்கர், பருப்பு, புளி, சாம்பார்ப் பொடி எடுத்துப்போங்கள். கறிவேப்பிலை, பழம், விதை, செடி எதுவும் வேண்டாம், வேளாண் சோதனை கடுமை, எடுத்துப்போவதை எழுதித் தரவேண்டும். சேப்பங்கிழங்கு அங்கேயே உண்டு. ஹனலேய் பள்ளத்தாக்கைச் சாலையோரத்திலிருந்து பார்த்தால் நம் ஊர் நாற்றங்கால் மாதிரி தண்ணீர் கட்டிய வயல், அத்தனையும் சேம்பு, அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் சோறு. அங்கே 1912-ல் கட்டிய ஒற்றைவழிப் பாலம் ஒன்று வரும். எதிரே ஐந்து, ஏழு கார் போகவிட்டு அப்புறம் நீங்கள் போவதுதான் அந்த ஊர் மரியாதை. ஆறு பெருகினால் பாலத்தை மூடிவிடுவார்கள், ஆகவே ஊருக்குத் திரும்பும் நாளில் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பாலத்தைத் தாண்டிப் போனால் சாலை முடிகிற இடம் ஹாயேனா பூங்கா. வெளியூர்க்காரர்கள் முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது, 30 நாளுக்கு முன்தான் திறப்பார்கள், கார் இடம் உடனே தீர்ந்துவிடும். கடலில் இறங்கவேண்டாம், சேம்பு வயல் நடுவே மரப்பாதையில் கொஞ்ச தூரம் நடந்து கரையில் உட்கார்ந்தாலே போதும், அத்தைக்கும் முடியும். 29-ம் தேதி போவதாக வைத்துக்கொண்டால் நவம்பர் 29 பிறக்கிற நள்ளிரவில், ஹவாய் நேரப்படி, முன்பதிவு திறக்கும், உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் அன்று விடிகாலை 2 மணி. கணவரை எழுந்திருக்கச் சொல்லுங்கள்.